ஏழாவது கேள்விக்கு நான் சொன்ன பதில்

டெல்லி கரோல் பாக்கில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் நான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வேன். எழுதத் தெரியாதவர்களிடம் நானே கேட்டு எழுதிக்கொள்வேன். மொத்தம் பன்னிரண்டு கேள்விகள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று போகும். ஏழாவது கேள்வி இது: கடந்த ஒரு மாதத்தில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே டாக்டர் மேடம் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். மற்ற கேள்விகளை ஒரு தடவை கேட்டால் போதும், ஏழாவதை மட்டும் மூன்று தடவை கேள் என்றார். முதல் தடவை எல்லோரும் இல்லை என்பார்கள். இரண்டாவது தடவை மேலே பார்த்து யோசிப்பார்கள். மூன்றாவது தடவைதான் பையிலிருந்து மாத்திரை அட்டை வெளியே வரும். அவர் சொன்னது அச்சு அசலாக அப்படியே நடக்கும். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதை நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

பிறகு அதே கேள்வியை ஒரு மருத்துவமனையில் என்னிடம் கேட்டார்கள். இரண்டு தடவை கேட்டார்கள். இரண்டு தடவையும் பொய் சொன்னேன். அதனால்தான் நான்கு நாளில் முடிந்திருக்க வேண்டியது ஒன்பது நாளானது. உயிருக்கே ஆபத்தாகித் தப்பினேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து "இல்லை, இல்லை" என்று தலையாட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

கிளினிக்குக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். சாப்பிட்டுவிட்டு வரலாமா? வரலாம், மரத்துப்போக ஊசி போட்டால் அப்புறம் இரண்டு மணி நேரம் சாப்பிட முடியாது, அதனால் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தணுமா? நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பல்லைச் சுத்தம் செய்தால் ஆட ஆரம்பிக்குமாமே? ஆடாது, பல்லில் படிந்த காரைதான் ஒட்டிக்கொண்டு ஆடும் பல்லைப் பிடித்து வைத்திருந்திருக்கும், காரை போனதும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமா? இதைத் தமிழ்க்காரர்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பழைய கரோல் பாக் குடும்பங்களில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் என்னைத் தமிழ்ப் பையன் என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்து கேட்பார்கள். பல்லின் நரம்பு வேறு, கண்ணின் நரம்பு வேறு என்று பொறுமையாகச் சொல்வேன். என் பேச்சைக் கேட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்கள் நிறைய பேர்.

நான் மட்டும் அந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

எங்கள் குடும்பம் கள்ளக்குறிச்சிப் பக்கம். அப்பா பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு டெல்லி வந்தார். அம்மா கோல் மார்க்கெட்டில் ஒரு அரசு அதிகாரி வீட்டில் சமையலும் பாத்திரமும். அந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சர்வன்ட் குவார்ட்டரில் நாங்கள் இருக்கிறோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் படித்தேன், அப்புறம் தபாலில் பி.காம். வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் நான்தான் படிக்க வேண்டும், எந்தப் படிவமானாலும் நான்தான் நிரப்ப வேண்டும்.

சின்ன வயதில் செங்கல் பொடியால் பல் விளக்கினோம். காலையில் டீயில் பன் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவேன், மாலையிலும் டீயும் பன்னும்தான். கடைவாயில் இரண்டு பக்கமும் கறுத்த ஓட்டைகள். முன்பல் சுமாராக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சிரித்தால் உதட்டைப் பாதியில் நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டேன். வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தபோது மேடம், பல்லை எல்லாம் காட்டியிருக்கிறாயா என்று கேட்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் செக்கப் செய்தேன் என்றேன். அது எப்படி என் வாயில் வந்ததோ தெரியவில்லை. அதன் பிறகு எப்படிக் காட்டுவது? வாயைத் திறந்தால் வீடு தெரிந்துவிடும் என்பதுதான் என் பயம். மேடம் நல்லவர். ஆனால் தினமும் மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிற என் வாயை, அந்த விளக்கை இழுத்து வைத்து அவர் பார்ப்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

வலி ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது. கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைசிப் பல். ஞானப்பல் என்பார்கள், ஹிந்தியில் அக்கல் தாட். பாதி முளைத்துப் பாதி ஈறுக்குள் கிடக்கும். அந்த ஈறின் மடிப்புக்குள் சோறு போய் அழுகிச் சீழ் பிடிக்கும். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கிளினிக்கில் என் மேசைக்குக் கீழே ஒரு டிராயர் உண்டு. மருந்து கம்பெனிக்காரர்கள் டாக்டருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும் மாதிரி மாத்திரைகள் அதில் இருக்கும். வாங்க வசதியில்லாத நோயாளிகளுக்கு மேடம் அதிலிருந்து எடுத்துத் தருவார். சாவி என்னிடம். அன்று மாலை மேடம் கை கழுவப் போனபோது மூன்று அட்டைகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் மூன்று மாத்திரை. சீழைக் காய வைக்கும் ஆன்டிபயாட்டிக். ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் சிவப்பில் அச்சடித்திருந்தது: மருத்துவருக்கான மாதிரி, விற்பனைக்கு அல்ல.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். வாயைக் காட்டு என்றும் சொல்லியிருப்பார். அதற்காகத்தான் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா, ஏது மாத்திரை என்று கேட்டாள். மேடமே கொடுத்தாங்க என்றேன். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வேலை செய்கிற வீட்டில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள், பையனுக்கு டாக்டர் அம்மாவே மாத்திரை கொடுத்தார்கள் என்று.

இரண்டு நாளில் வலி நின்றது. வலி நின்றதும் மாத்திரையை நிறுத்தினேன். "வலி போனாலும் மாத்திரையை முடியுங்கள், பாதியில் விட்டால் கிருமி பலமாகித் திரும்பும்" என்று தாளில் எழுதி ஒட்டியிருப்பதே என் மேசைக்கு மேலேதான். என் கையெழுத்துதான்.

அடுத்த வாரம் திரும்பியது. இந்த முறை தாடைக்கு வெளியே வீங்கியது. மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மீதியிருந்த மாத்திரைகளைத் தின்றேன். அப்பா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். சூடு பட்டதும் சுகமாக இருந்தது. பல் வீக்கத்துக்கு வெளியிலிருந்து சூடு வைக்கக் கூடாது, சீழ் வெளிப்பக்கமாகப் பரவும் என்று எனக்குத் தெரியும். "வேணாம்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் தன் கன்னத்தில் வைத்துப் பதம் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டிருந்தார். கன்னத்தைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எச்சில் விழுங்க முடியவில்லை. தாடைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடம், கட்டை மாதிரி இறுகிவிட்டது. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. அம்மா என் போனை எடுத்து, பெயரைப் படிக்கத் தெரியாவிட்டாலும் மேடத்தின் படத்தைப் பார்த்து அழுத்திப் பேசினாள். மேடம் ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு உடனே.

ஆட்டோவில் போனோம். எமர்ஜென்சியில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். ராஜஸ்தான்காரர், முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தை அழுத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நீளவில்லை. பல்லின் வேரிலிருந்து சீழ் தாடைக்குக் கீழே உள்ள இடைவெளியில் இறங்கிவிட்டது என்றார். நம் கழுத்துக்குள் தசைகளுக்கு நடுவில் அடுக்கு அடுக்காக இடைவெளிகள் உண்டு. ஒன்றில் சீழ் புகுந்தால் அடுத்ததற்குப் போக வழி இருக்கிறது. அது நாக்கை மேலே தள்ளினால் மூச்சுக்குழாய் அடைபடும். அப்படி ஆனால் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். இவ்வளவையும் அவர் மெதுவாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு ஹிந்தி நன்றாகப் புரியும். சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் மேடம் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டு உடையில், தலைமுடிகூடச் சரியாக முடியாமல். இளம் டாக்டரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு என் கால்மாட்டில் நின்றார்.

இளம் டாக்டர் தாளைப் பார்த்துக் கேட்டார். "இதுக்கு முன்னாடி ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டியா?"

என் ஏழாவது கேள்வி.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்கிறவன், இவன் சரியாகச் சொல்லுவான் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். இளம் டாக்டர் தாளில் எழுதிக்கொண்டார். அம்மா அப்போது வார்டில் தங்குவதற்கான பாஸ் வாங்க வரிசைக்குப் போயிருந்தாள்.

அன்று மத்தியானமே தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் கீறி, சீழை எடுத்து, மீதி வடிவதற்கு ரப்பர் துண்டு வைத்துத் தைத்தார்கள். சீழில் கொஞ்சம் சோதனைக்குப் போனது. கல்ச்சர் என்பார்கள். கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பது. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை வழக்கமாகக் கொடுக்கும் மருந்தை ஊசியாக ஏற்றினார்கள். பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தேன். நான் திருடித் தின்ற அதே மருந்து.

வார்டில் பேச முடியாது. பேச வேண்டியதை நோட்டில் எழுதினேன். ஆனால் என்னோடு இருந்தது அம்மா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தண்ணீர் வேண்டும் என்றால் தம்ளரின் படம் வரைவேன். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த ஒரே ஆள் எழுதி எழுதிக் காட்டுகிறேன், எதிரே இருப்பவளுக்கு அது கோடு கோடாகத் தெரிகிறது. ஒரு தடவை நான் எழுதியதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எழுதற. ஒண்ணும் வெளங்கல" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பீகார்க்காரர். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தாடை உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவராலும் பேச முடியாது. காலையில் கையை உயர்த்துவார், நானும் உயர்த்துவேன். அப்பா வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவருவார். ஸ்ட்ராவில் ஏற வேண்டுமே என்று அம்மாவின் பழைய மெல்லிய பருத்திப் புடவைத் துண்டில் அதை இரண்டு தடவை வடிகட்டுவாராம். பெயிண்டை வடிகட்டிய கை. கஞ்சியில் ஒரு திப்பிகூட இருக்காது. மூன்றாம் நாளிலிருந்து அப்பா இரண்டு டப்பா கொண்டுவந்தார். ஒன்று பீகார்க்காரருக்கு. மருத்துவமனையில் படுக்கைக்கும் ஊசிக்கும் பணம் இல்லை. வெளியில் எழுதிக்கொடுத்த சிலதை மட்டும் வாங்கினோம். அப்பா நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. வீக்கம் இடது பக்கத்திலிருந்து நடுக்கழுத்துக்கு வந்திருந்தது. காயத்தைக் கழுவும்போது இளம் டாக்டர் முகம் சுளித்தார். காலை ரவுண்டில் அவர் கையில் கல்ச்சர் தாள். அதில் ஒன்றும் வளரவில்லை என்று வந்திருந்தது.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வாட்ச்மேனைத் தவிர அந்த வார்டில் வேலை செய்கிறவர்கள் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "பார், இவ்வளவு சீழ் இருக்கு. ஆனா தட்டுல கிருமி வளரல. ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தாதான் பெரும்பாலும் இப்படி வரும். சாப்பிட்டியா? எதுன்னு தெரிஞ்சா நான் மருந்தை மாத்துவேன். தெரியலைன்னா இருட்டுல கல்லெறியணும். நாளைக்குள்ள குறையலைன்னா கழுத்துல குழாய்தான்."

நோட்டைக் கையில் கொடுத்தார். மேடம் அப்போது அங்கே இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. உண்மையை எழுதியிருந்தால் அந்த ஒரு மனிதருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். ஆனால் என்ன மருந்து, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று கேட்பார். மேடத்திடம் போன் செய்து பேசுவார். அதையெல்லாம் ஒரு நொடியில் நினைத்தேன். கழுத்தில் ஓட்டை விழப்போகிறது என்று கேட்டுவிட்டும் அதைத்தான் நினைத்தேன்.

'இல்லை' என்று எழுதிக் காட்டினேன்.

அம்மா காலடியில் உட்கார்ந்து என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பேசியது முழுக்கக் கேட்டிருக்கிறாள். நான் எழுதியது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. என் சார்பில் அவளே முந்திக்கொண்டாள். "டாக்டர் சாப், கோலி காயா நா இஸ்னே" என்றாள். மாத்திரை சாப்பிட்டானே இவன்.

பிறகு தன் பிளாஸ்டிக் பையைத் திறந்தாள்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்ஷீட் வாங்கும்போது வரும் ஜிப் வைத்த கண்ணாடிப் பை. வீட்டில் யார் எந்த மாத்திரையைச் சாப்பிட்டு முடித்தாலும் அம்மா காலி அட்டையை அதில் போட்டு வைப்பாள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்துச் சீட்டு அதுதான். கடையில் போய்க் காலி அட்டையை நீட்டி, இது வேணும் என்பாள். நீலக்கோடு போட்டது பிரஷர், ரோஸ் நிறம் வயிற்றுக்கு. நான் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன். குப்பையை எதற்குச் சேர்க்கிறாய், பெயரை எழுதித் தருகிறேன், அதைக் காட்டு என்று. எழுதியும் கொடுத்தேன். அந்தத் தாளில்தான் அட்டைகளைச் சுற்றி வைத்திருந்தாள்.

மூன்று அட்டைகளையும் எடுத்து என் போர்வையின்மேல் வரிசையாக வைத்தாள். நான் கையை நீட்டினேன். சலைன் ஊசி இழுத்தது. அதற்குள் டாக்டர் எடுத்துவிட்டார். பெயரைப் படித்தார். திருப்பி முதுகையும் படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். எழுந்து போய் நர்ஸிடம் ஊசியை மாற்றச் சொன்னார். அட்டைகளைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்திவிட்டார், சிவப்பு எழுத்து வெளியே தெரிகிற மாதிரி. வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்.

அன்று மாலை மறுபடியும் ஒரு இடத்தில் கீறினார்கள். புது மருந்து ஏறிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எச்சில் விழுங்கினேன். கழுத்தில் குழாய் வைக்கத் தேவைப்படவில்லை.

மேடம் ஐந்தாம் நாள் மாலை வந்தார். கேஸ் ஷீட்டை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாள் திரும்பும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். தமிழ் ராகத்தில் அவள் பேசும் ஹிந்தியில் சொன்னாள். "மேடம்ஜி, நீங்க குடுத்த மாத்திரைதான் எம்புள்ளைய தாங்கிப் பிடிச்சிருக்கு. அத வெச்சுத்தான் டாக்டர் கண்டுபுடிச்சாரு. உங்கள மறக்க மாட்டோம்."

கண்ணைத் திறந்தபோது அவர் அம்மாவின் கூப்பிய கையைத் தன் கையால் மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். "அம்மா, இனிமே வாயைப் பார்க்காம யாருக்கும் மாத்திரை குடுக்க மாட்டேன். என் தப்பு" என்றார்.

நான் நோட்டை எடுத்தேன். எழுத ஆரம்பித்தேன். அவர் நோட்டை மூடிவிட்டார். "எழுதாதே. வாய் திறக்கட்டும். வாயால சொல்லு."

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய் ஒன்றரை விரல்தான் திறந்தது. அதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஐஸ்கிரீம் குச்சி மாதிரி தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் நுழைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு குச்சி கூட்ட வேண்டும். வலியில் கண்ணீர் வரும். எட்டுக் குச்சியில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு குச்சி கூடும்போதும், சொல்ல வேண்டிய நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் குச்சி கூட்டாமலே கூட்டியதாக அப்பாவிடம் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பதினெட்டாவது குச்சி நுழைந்த அன்று அம்மாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேடம் கொடுக்கவில்லை, நானே எடுத்தேன் என்றேன். கத்தி நின்றது.

"எத்தினி?"

"மூணு அட்டை. ஏழைங்களுக்குன்னு வெச்சிருக்கிறது."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டாங்களா?"

"குடுத்திருப்பாங்க. வாயைக் காட்டுன்னு சொல்லுவாங்க."

"உம் வாயில அப்படி என்னாடா இருக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. செங்கல் பொடி இருக்கிறது, டீயும் பன்னும் இருக்கிறது, நீ இருக்கிறாய். அதைச் சொல்ல முடியவில்லை. அவள் பீன்ஸைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தம்மா முன்னாடி என்னையக் கும்புட வெச்சிட்டியேடா."

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. கஞ்சி மட்டும் அப்பா கையில் வந்தது, எப்போதும்போல வடிகட்டி.

மேடத்திடம் ஒரு காலையில், நோயாளிகள் வருவதற்கு முன்னால் சொன்னேன். வாயால். டிராயரின் சாவியை மேசைமேல் வைத்தேன். திருப்பித் தந்துவிடுவார் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். இன்றுவரை அவரிடம்தான் இருக்கிறது. யாருக்காவது மாத்திரை தர வேண்டுமென்றால் நான் உள்ளே போய், மேடம் சாவி, என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் காது சூடாகிறது.

பிறகு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். விளக்கை இழுத்தார். திறக்க முடிந்த அளவு திறந்தேன். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்து, எண்ணைச் சொல்லச் சொல்ல உதவிப் பெண் எழுதினாள். சீழ் பிடித்த பல்லை மருத்துவமனையிலேயே எடுத்துவிட்டார்கள். இன்னும் ஏழு பல்லில் வேலை இருக்கிறது என்றார். மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சொன்னார். "வெட்கப்பட வேண்டியது இங்க ஒண்ணும் இல்ல, சக்தி. அது அந்த டிராயர்ல இருக்கு."

போன மாதம் அம்மாவுக்குப் பல்வலி. எனக்கு வந்ததைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, வலி வந்த அன்றே கிளினிக்குக்கு வந்துவிட்டாள். வேலைக்குப் போகும்போது கட்டாத நல்ல புடவை. கையில் ஜிப் பை. எழுதத் தெரியாதவர்களிடம் கேட்பது போலவே கேட்டு எழுதிக்கொண்டேன். பெயர், வயது, சர்க்கரை, பிரஷர். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லில் பதில். மேடம் உள்ளேயிருந்து வந்து கதவருகில் நின்றார்.

ஏழாவது கேள்வியை ஒரு தடவைதான் கேட்டேன். அம்மா ஜிப்பைத் திறந்தாள். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசைமேல் வரிசையாக வைத்தாள், முதுகு மேலே தெரியும்படி. என்னைத் தாண்டி மேடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாம் கடையில வாங்குனது, மேடம்ஜி."

மேடம் சிரித்துவிட்டார். நான் குனிந்து, அட்டைகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டேன்.